சொல்வதெழுதுதல்: அன்று நீங்கள் எழுதினீர்கள், இன்று போன் எழுதுகிறது



நான் இங்கே நீளமாக ஏதாவது எழுதினால் கட்டாயம் ஒருவர் கேட்பார், "டீச்சர், இவ்வளவையும் போன்லயா டைப் பண்றீங்க?" என்று. இல்லை பிள்ளைகளே. முப்பது வருடத்துக்கு மேல் சாக்பீஸ் பிடித்த விரல் மூட்டுகள் இப்போது மடங்க மறுக்கின்றன. அதனால் போனில் இருக்கும் மைக் படத்தைத் தொட்டுவிட்டுப் பேசுகிறேன். அது எழுதிக்கொள்கிறது. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து திருத்துகிறேன்.

இதைச் சொன்னதும், இப்போது தானும் ஓர் ஆசிரியராக இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். "அப்படின்னா அது நீங்க எழுதினதுன்னு சொல்ல முடியுமா டீச்சர்? பேசினதுதானே?"

நல்ல கேள்வி. உடனே பதில் சொல்லாமல் நாலைந்து நாள் யோசித்தேன், கொஞ்சம் படித்தும் பார்த்தேன். ஒருவர் சொல்ல இன்னொருவர் எழுதுவது நேற்று வந்த பழக்கம் இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு அதற்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் என் மாணவரின் கேள்விக்குப் பதிலும் அதிலேயே கிடைக்கும்.

முதலில் அசோகர். ஐந்தாம் வகுப்பிலேயே உங்களுக்கு அவரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் நாடு முழுவதும் பாறைகளில் ஆணைகளைப் பொறிக்க வைத்தவர். உளியைப் பிடித்தது அவர் கை அல்ல. அவர் சொன்னார், எழுத்தர்கள் எழுதினார்கள், கல்தச்சர்கள் பொறித்தார்கள். அந்தப் பெரும்பாறை ஆணைகளில் 14ஆவது ஆணையில் ஒரு சுவையான செய்தி இருக்கிறது. சில இடங்களில் செய்தி முழுமையாக இல்லாமல் போயிருக்கலாம், எழுதியவரின் பிழையும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அரசரே அதில் சொல்லிவைத்திருக்கிறார். பேரரசருக்கே இந்தக் கவலை இருந்திருக்கிறது பாருங்கள். தான் சொன்னது ஒன்று, எழுத்தில் வந்தது ஒன்று ஆகிவிடுமோ என்கிற கவலை. ஆனாலும் அந்த ஆணைகளை நாம் எழுத்தரின் ஆணை என்று சொல்வதில்லை. அசோகரின் ஆணை என்றுதான் சொல்கிறோம்.

அடுத்து எல்லோருக்கும் தெரிந்த கதை. வியாசர் பாரதம் சொல்ல, பிள்ளையார் எழுதினார். இந்தக் கதை மூல பாரதத்தில் பிற்காலத்தில் சேர்ந்தது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். எப்போது சேர்ந்தால் என்ன, கதையைக் கட்டியவருக்கு எழுத்து வேலை நன்றாகத் தெரிந்திருக்கிறது. நீர் இடையில் நிறுத்தக்கூடாது என்பது பிள்ளையார் போட்ட நிபந்தனை. பொருள் புரியாமல் எதையும் எழுதக்கூடாது என்பது வியாசர் போட்ட நிபந்தனை. இந்த இரண்டாவது நிபந்தனையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதுதான் முக்கியமாக வரப்போகிறது.

நம் தமிழுக்கு வருவோம். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1815 முதல் 1876 வரை வாழ்ந்தவர். தலபுராணங்களாகப் பாடிக் குவித்தவர். அவர் வாயால் பாடல்களைச் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் இருக்கும் மாணவர்கள் எழுத்தாணியால் ஓலையில் எழுதிக்கொள்வார்கள். அப்படி எழுதிய மாணவர்களில் ஒருவர்தான் உ.வே.சாமிநாதையர். தன் வரலாற்றில் இதையெல்லாம் அவர் விரிவாகச் சொல்லியிருக்கிறார்.

ஓலை எழுத்தைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். ஏட்டில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். புள்ளி குத்தினால் ஓலை கிழியும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வரிவடிவில் வேறுபாடு தெரியாது. வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டில் அதைச் சீர்படுத்தினார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி எதுவும் கிடையாது. படிப்பவர்தான் இடம் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டும். பிரதிக்குப் பிரதி பிழைகளும் சேர்ந்துகொண்டே போகும். பிற்காலத்தில் சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் அச்சிட்டபோது பட்ட பாடு என்ன? ஊர் ஊராகப் போய் ஏடு தேடியது பாதி. ஏட்டோடு ஏட்டை ஒப்பிட்டு, எழுதியவர் செய்த பிழை எது, புலவர் சொன்ன சொல் எது என்று பிரித்தெடுத்தது மீதி. "எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான்" என்று நம் பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

வெளிநாட்டில் இரண்டு பேரைச் சொல்கிறேன். ஆங்கிலக் கவிஞர் ஜான் மில்டனுக்கு 1652 வாக்கில் பார்வை முழுவதும் போய்விட்டது. 1667இல் வெளிவந்த அவருடைய பெருங்காவியமான பாரடைஸ் லாஸ்ட் பத்தாயிரம் அடிகளுக்கு மேல் கொண்டது. அத்தனையும் சொல்லி எழுதப்பட்டவை. இரவில் மனதுக்குள் அடிகளை அமைத்து வைத்திருப்பார். காலையில் எழுத ஆள் வரத் தாமதமானால், பால் கறக்கக் காத்திருக்கும் பசுவைப் போல மடி கனக்கிறது என்கிற மாதிரி சொல்வாராம். வீட்டுக்கு வருகிறவர் யாரோ அவர் எழுதுவார். பலர் கையெழுத்து என்பதால் எழுத்துப் பிழையும் நிறுத்தக்குறிப் பிழையும் இருக்கும். மில்டனின் அக்காள் மகன் எட்வர்ட் பிலிப்ஸ் அவ்வப்போது வந்து பத்து, இருபது, முப்பது அடிகளாக வாங்கிப் பார்த்துத் திருத்திக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். சொன்னவர் கண் தெரியாதவர். ஆனாலும் சரிபார்க்காமல் விடவில்லை.

இன்னொருவர் ரஷ்ய நாவலாசிரியர் தஸ்தயெவ்ஸ்கி. கடன் தொல்லையில் ஒரு பதிப்பாளரிடம் மோசமான ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டார். 1866 நவம்பர் 1ஆம் தேதிக்குள் ஒரு நாவலைக் கொடுக்காவிட்டால், ஒன்பது வருடத்துக்கு அவர் எழுதுவதையெல்லாம் அந்தப் பதிப்பாளர் காசு கொடுக்காமல் வெளியிட்டுக்கொள்ளலாம். ஒரு மாதம்கூட இல்லாத நேரத்தில் அன்னா என்கிற இருபது வயதுப் பெண்ணைச் சுருக்கெழுத்துக்கு வைத்துக்கொண்டார். பகலில் அவர் சொல்வார், அன்னா குறித்துக்கொள்வார். இரவில் தன் வீட்டில் அதை விரித்து எழுதி மறுநாள் கொண்டு வருவார். அவர் திருத்துவார். 26 நாளில் சூதாடி நாவல் முடிந்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த அன்னாவையே மணந்துகொண்டார். அதற்குப் பின் வந்த அவருடைய பெரிய நாவல்கள் பலவும் அந்த அம்மாளின் கை வழியாகத்தான் வந்தன.

இதுவரை சொன்னவர்களுக்கெல்லாம் பொதுவாக ஒன்று உண்டு. அரசர், முனிவர், மகாவித்துவான், பெரிய கவிஞர், பேர்பெற்ற நாவலாசிரியர். எழுத ஆள் வைத்துக்கொள்ளும் வசதியோ, ஆள் தானாக வந்து எழுதும் பெருமையோ இருந்தவர்கள். சாதாரண மக்களுக்கு ஏது எழுத்தர்?

ஆள் இல்லாமல் எழுத முடியுமா என்று யோசித்தவர்களில் எடிசனும் ஒருவர். 1877இல் ஒலியைப் பதிவு செய்யும் ஃபோனோகிராஃப் கருவியைச் செய்தார். அது எதற்கெல்லாம் பயன்படும் என்று மறு வருடம் ஒரு பத்திரிகையில் பட்டியல் போட்டார். நாம் பாட்டுக் கேட்கத்தான் என்று நினைப்போம். அவர் பட்டியலில் முதலில் வந்தது, சுருக்கெழுத்தர் இல்லாமல் கடிதம் சொல்லி வைப்பது. பிறகு டிக்டாஃபோன் என்ற பெயரில் அலுவலகங்களில் இந்த வகைக் கருவிகள் வந்தன. ஆனால் முழு வெற்றி இல்லை. கருவி பேச்சைப் பிடித்து வைத்துக்கொண்டதே தவிர, எழுதவில்லை. கேட்டு டைப் அடிக்க ஒருவர் வேண்டியிருந்தது.

அந்த ஒருவராகத்தான் நம் காலத்துப் பிள்ளைகள் பலர் போனார்கள். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்த காலத்தில் நானும் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனவள்தான். "ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்" என்று தட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. என்னைப் போன்ற அத்தை, பெரியம்மாக்களைக் கேட்டால் உங்களுக்கும் சொல்வார்கள். ஆங்கிலத்தில் லோயருக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45 சொல். வாயால் பேசும்போது சாதாரணமாக நூறு சொல்லைத் தாண்டிவிடும். கை எவ்வளவு பின்தங்கியது என்று பாருங்கள்.

தமிழுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். 247 எழுத்தை நாற்பது ஐம்பது விசைக்குள் எப்படி அடைப்பது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் போய் உழைத்த ஆர். முத்தையா என்பவர்தான் பாடுபட்டுத் தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தை வடிவமைத்தார். 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றுக்கொண்டபோது ணா, றா, னா, லை, னை எல்லாம் இன்றுள்ள வடிவத்துக்கு வந்தன. தட்டச்சுக்கும் அது உதவியாக இருந்தது. 1999இல் கணினிக்குத் தமிழ் 99 விசைப்பலகை வந்தது. இத்தனை வந்தும், நம் மக்களில் மிகப் பலர் கணினியில் தமிழ் தட்டப் பழகவே இல்லை. ஆங்கில எழுத்தில் "வணக்கம்" என்று அடிக்கிறவர்கள்தான் அதிகம். என் உறவுக்காரப் பிள்ளைகளே, உங்களைத்தான் சொல்கிறேன்.

பேச்சைக் கேட்டுத் தானே புரிந்துகொள்ளும் இயந்திரத்தின் கதை 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. ஆட்ரி என்று பெயர். ஆளுயர அடுக்கில் கருவிகள். அத்தனையும் சேர்ந்து பூஜ்யம் முதல் ஒன்பது வரை பத்து எண்களைக் கண்டுபிடிக்கும். அதுவும் பழகின ஒருவர் நிறுத்தி நிறுத்திச் சொன்னால். நம் ஒன்றாம் வகுப்புக் குழந்தையைவிடக் கொஞ்சம் குறைவு. பத்து வருடம் கழித்து ஐபிஎம் நிறுவனம் ஷூபாக்ஸ் என்று ஒன்றைக் காட்டியது. அதற்குத் தெரிந்தது 16 சொல்.

இந்த இடத்தில் நாம் பெருமைப்பட வேண்டிய ஒருவர் வருகிறார். ராஜ் ரெட்டி. 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில் காட்டூர் என்ற சிறு கிராமத்தில் பிறந்தவர். நம் சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் 1958இல் பட்டம் பெற்றார். ஆஸ்திரேலியா போய், பிறகு அமெரிக்கா போய், 1966இல் ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் வாங்கினார். தொடர்ந்து கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பேச்சறியும் ஆராய்ச்சியைத் தலைமையேற்று நடத்தினார். 1976இல் அவருடைய குழுவில் உருவான ஹார்ப்பி என்ற அமைப்புக்கு 1011 சொல் தெரியும். கணினித் துறையின் நோபல் பரிசு என்று சொல்லப்படும் டூரிங் விருது 1994இல் அவருக்கும் எட்வர்ட் ஃபைகன்பாமுக்கும் சேர்த்துக் கிடைத்தது. கிராமத்துப் பள்ளியில் படித்தால் என்ன ஆகிவிட முடியும் என்று கேட்கிறவர்களுக்கு இவர் பெயரைச் சொல்லுங்கள்.

அதே காலத்தில் ஐபிஎம்மில் ஃபிரெட் ஜெலினெக் என்பவரின் குழு வேறு ஒரு வழியை எடுத்தது. இலக்கண விதிகளை ஒவ்வொன்றாக இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்க வேண்டாம், ஏராளமான எழுத்தைக் கொடுப்போம், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று அது எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். "வாழைப்" என்று காதில் விழுந்தால் அடுத்து "பழம்" வர வாய்ப்பு அதிகம், "பலம்" வர வாய்ப்புக் குறைவு. அவ்வளவுதான் கணக்கு. இலக்கணம் சொல்லிக்கொடுத்தே காலம் தள்ளிய எனக்கு இதைப் படித்தபோது மனசு சுருக்கென்றது. ஆனால் வழி பலித்துவிட்டது. 1980களின் நடுவில் அவர்கள் செய்த இயந்திரம் இருபதாயிரம் சொற்களை எழுதியது. அதற்கு டங்கோரா என்று பெயர் வைத்தார்கள். ஆல்பர்ட் டங்கோரா என்பவர் உலகத்திலேயே வேகமாக டைப் அடித்துப் பேர் வாங்கினவர். டைப் அடிப்பதற்கு மாற்றாக வந்த இயந்திரத்துக்கு ஒரு டைப்பிஸ்ட் பெயர்!

ராஜ் ரெட்டியின் துறையில் படித்த ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் என்ற கணவனும் மனைவியும் 1982இல் டிராகன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1990இல் அவர்கள் விற்ற மென்பொருளின் விலை 9000 டாலர். அதிலும் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் சற்று நிறுத்த வேண்டும். 1997இல்தான் நாம் பேசுவதுபோலத் தொடர்ந்து பேசினாலும் எழுதும் மென்பொருளை விற்றார்கள். மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் வாங்கினார்கள். டைப் அடித்தே கை நரம்பு, மணிக்கட்டு கெட்டுப்போனவர்களுக்கும், கை செயல்படாத மாற்றுத்திறனாளிகளுக்கும் அது பெரிய வரமாக இருந்தது. ஆனால் எல்லாம் ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழிகளும்தான் முதலில்.

தமிழுக்கு ஏன் தாமதம்? பணம் ஒரு காரணம். மொழியின் இயல்பு இன்னொரு காரணம். ஆங்கிலத்தில் இருபதாயிரம் சொல் தெரிந்தால் கடிதம் எழுதிவிடலாம். தமிழில் "வா" என்ற ஒரே வினை வந்தான், வந்தாள், வந்தவர்களிடமிருந்தும், வந்துகொண்டிருக்கும்போதே என்று ஆயிரக்கணக்கில் வடிவெடுக்கும். க என்ற ஒரே எழுத்து கடல், அங்கே, அகம் மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கும். எல்லாவற்றையும்விட, நாம் பேசுவது ஒன்று, எழுதுவது ஒன்று. "வந்துட்டிருக்கான்" என்று பேசுகிறோம், "வந்துகொண்டிருக்கிறான்" என்று எழுதுகிறோம். அந்தப் பேச்சும் நெல்லைக்கு ஒன்று, கோவைக்கு ஒன்று, யாழ்ப்பாணத்துக்கு ஒன்று.

கடந்த பத்துப் பதினைந்து வருடத்தில் கணினிகளின் வலிமை கூடி, மனித மூளை நரம்புகளின் அமைப்பை முன்மாதிரியாக வைத்த புதிய முறைகள் வந்த பிறகு நிலைமை மாறியது. 2017 ஆகஸ்டில் கூகுள் தன் குரல்வழித் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. கூடவே தெலுங்கு, கன்னடம், மலையாளம், வங்காளம், குஜராத்தி, மராத்தி, உருது ஆகியவையும் வந்தன. இப்போது சென்னை ஐஐடியில் ஏஐ ஃபார் பாரத் என்ற குழு 22 அட்டவணை மொழிகளிலும் சாதாரண மக்களின் பேச்சைப் பதிவு செய்து தொகுத்து வருகிறது. 9000 டாலர் கொடுத்தவர்களுக்கு மட்டும் இருந்த எழுத்தர், இன்று நம் கையில் இருக்கும் போனில் இலவசமாக உட்கார்ந்திருக்கிறார்.

சரி, இந்தப் புதிய எழுத்தர் எப்படிப்பட்டவர்? உங்களுக்குத் தமிழ்ப் பாட வேளையில் சொல்வதெழுதுதல் போடுவேனே, நினைவிருக்கிறதா? "பள்ளி" என்பேன், நாலு பேர் "பல்லி" என்று எழுதுவீர்கள். "அறம்" என்பேன், "அரம்" வரும். இந்த விஷயத்தில் போன் உங்களைவிடக் கெட்டிக்காரப் பிள்ளை. நான் அவசரத்தில் "வாளப்பளம்" என்று சொன்னாலும் "வாழைப்பழம்" என்று சரியாக எழுதுகிறது. முன்னும் பின்னும் வரும் சொற்களை வைத்து ஊகிக்கிறதல்லவா, அதனால்.

ஆனால் அந்தப் பலமேதான் அதன் பலவீனமும். அடிக்கடி வரும் சொல்லை அது சரியாக எழுதும். அபூர்வமாக வரும் சொல்லை, அடிக்கடி வரும் இன்னொரு சொல்லாக மாற்றிவிடும். எங்கள் அப்பா காலத்து விவசாயத்தைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நெல் தூற்றும்போது ஒதுங்கும் "கருக்காய்" என்றேன், "கடுக்காய்" என்று எழுதியது. இரண்டு மரக்கால் கொண்ட "பதக்கு" என்றேன், "பதக்கம்" என்று எழுதியது. குலதெய்வத்தின் பெயர், ஊரின் பழைய பெயர், பெரியப்பா வீட்டின் பட்டப்பெயர் எதுவும் அதற்குப் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் "இது என்ன சொல் டீச்சர்?" என்று கேட்கவும் கேட்காது. தெரிந்த மாதிரி ஒன்றை எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும்.

வியாசரின் நிபந்தனையை நினைவில் வைக்கச் சொன்னேனே, அது இதற்காகத்தான். பிள்ளையார் புரிந்துகொண்டு எழுதினார். சாமிநாதையர் புரிந்துகொண்டு எழுதினார். அன்னா புரிந்துகொண்டு எழுதினார். புரியாவிட்டால் எழுத்தாணியை நிறுத்திவிட்டுக் கேட்டிருப்பார்கள். வரலாற்றில் முதல்முறையாக, பொருள் புரிந்துதான் எழுதுகிறது என்று நாம் நம்பியிருக்க முடியாத, கேள்வியும் கேட்காத ஓர் எழுத்தர் நமக்கு வாய்த்திருக்கிறார். அப்படியானால், புரிந்துகொள்ளும் அந்த வேலையை யார் செய்வது? சொன்னவர்தான். வேறு யாரும் இல்லை.

இதை எனக்கு முன்பே கற்றுக்கொடுத்தவர்கள் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். நான் வேலையில் சேர்ந்த புதிதில், 1980களில், பள்ளிக்கூடம் விட்டதும் திண்ணையில் இரண்டு மூன்று பேர் ஏரோகிராம் தாளுடன் காத்திருப்பார்கள். மகன் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பான். அவர்கள் சொல்ல, நான் எழுதுவேன். "அவன் வேளைக்குச் சாப்பிடுறானான்னு கேளுங்க டீச்சரம்மா." "மழை இல்லை, நாற்று காஞ்சு போச்சுன்னு எழுதுங்க." எழுதி முடித்ததும் ஒட்ட விட மாட்டார்கள். "ஒருக்கா படிச்சுக் காட்டுங்க" என்பார்கள். நான் படிப்பேன். தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கேட்பார்கள். "மாடு வித்ததை எடுத்துடுங்க, புள்ள கவலைப்படும்." "அப்பாவுக்கு இருமல்னு போடாதீங்க, சளின்னு போடுங்க." எல்லாம் சரி என்று ஆன பிறகுதான் கடிதத்தை மடிப்பார்கள்.

ஓர் எழுத்தும் தெரியாத அந்தப் பெண்களின் கடிதம் அவர்களுடைய கடிதம்தான். என் கை எழுதியது என்பதால் அது என் கடிதம் ஆகிவிடவில்லை. ஏன்? கடைசிச் சொல் வரை கேட்டு, இருக்கட்டும் என்றதை இருக்க விட்டு, வேண்டாம் என்றதை எடுக்கச் சொன்னவர்கள் அவர்கள். என் மாணவர் கேட்ட கேள்விக்கு என் பதிலும் இதுதான். எழுத்து யாருடையது என்பதை விரல் தீர்மானிப்பதில்லை. திரும்பப் படித்துப் பார்த்து, "ஆம், இதுதான் நான் சொல்ல வந்தது" என்று ஏற்றுக்கொள்கிறோமே, அந்த நேரத்தில்தான் அது நம்முடைய எழுத்தாகிறது. கையால் எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் அனுப்பினால் அதுவும் அரைகுறைதான். வாயால் சொல்லிவிட்டு வரி வரியாகச் சரிபார்த்தால் அது முழு எழுத்துதான்.

இதை வெறும் தத்துவமாகச் சொல்லவில்லை. இன்று வீட்டு வீட்டுக்குப் பெரியவர்கள் வாட்ஸ்அப்பில் பேசியே செய்தி அனுப்புகிறார்கள். "அந்த மாத்திரை வேண்டாம்" என்று சொன்னது "வேண்டும்" என்று போய்விட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். ஆதலால் சில யோசனைகள்.

1. ஒற்றைச் சொல்லாகச் சொல்லாதீர்கள். முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். அக்கம்பக்கத்துச் சொல் இருந்தால்தான் போன் சரியாக ஊகிக்கும்.

2. பெயர், தேதி, தொகை, மருந்து, "வேண்டும், வேண்டாம்" இந்த ஐந்தையும் தனியாக ஒருமுறை பாருங்கள். பெரும்பாலும் ஆபத்து அங்கேதான் இருக்கும்.

3. நிறுத்தக்குறிகளையும் ஒற்றெழுத்தையும் கையால் சரிசெய்யுங்கள். புள்ளி இல்லாத ஓலையைப் படித்தவர்கள் பட்ட பாட்டை உங்கள் வாசகருக்குக் கொடுக்காதீர்கள்.

4. வங்கி விவரம், ரகசிய எண் எதையும் வாயால் சொல்லி எழுத வேண்டாம். பல போன்களில் நம் பேச்சு ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினி வரை போய்த்தான் எழுத்தாகித் திரும்புகிறது. பக்கத்தில் நிற்பவர் காதிலும் விழும்.

5. வீட்டில் படிக்கத் தெரியாத, அல்லது கண் சரியாகத் தெரியாத பெரியவர் பேசி எழுதினால், அனுப்பும் முன் நீங்கள் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். எட்வர்ட் பிலிப்ஸ் தன் மாமாவுக்குச் செய்ததை நீங்கள் உங்கள் பாட்டிக்குச் செய்யக்கூடாதா?

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அரசர்களுக்கும் புலவர்களுக்கும் மட்டும் இருந்த எழுத்தர் இப்போது எல்லார் வீட்டுக்கும் வந்துவிட்டார். நடவு நட்ட கதை, தறி நெய்த கதை, அகதியாகக் கப்பல் ஏறின கதை, பிரசவத்துக்கு மாட்டு வண்டியில் போன கதை, இதெல்லாம் தெரிந்தவர்கள் உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார். எழுத உட்கார்ந்தால் அவருக்கு வராது. பேசச் சொன்னால் கொட்டும். ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் போனை அவர் பக்கத்தில் வைத்துப் பேச விடுங்கள். பிறகு எழுத்தைப் பார்த்து, போன் கெடுத்த சொற்களை அவரிடமே கேட்டுக் கேட்டுச் சரிசெய்யுங்கள். போன் எந்தச் சொல்லில் தடுமாறுகிறதோ அதுதான் பெரும்பாலும் காப்பாற்ற வேண்டிய சொல். அது அகராதியில்கூட இல்லாமல் இருக்கலாம். உங்கள் பாட்டிக்குப் பின் அதைச் சொல்ல ஆளே இல்லாமலும் போகலாம்.

அப்படிக் கிடைத்த சொற்களில் நாலைந்தைப் பொருளோடு கீழே எழுதுங்கள். டைப் அடித்தாலும் சரி, பேசி எழுதினாலும் சரி. ஆனால் அனுப்பும் முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். சிவப்பு மையை நான் இன்னும் தூக்கிப் போடவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்